குடவோலையும் கடவுச்சொல்லும்: தேர்தல் காலத்தில் கட்சிகளின் கணினிக் காப்பு

அகநானூற்றின் 77ஆம் பாடல் பாலைத்திணைக்கு உரியது. வறண்ட வழியில் வீழ்ந்துகிடக்கும் வீரர்களின் குடரை எருவைப் பறவை பிடுங்கியெடுக்கும் கொடுங்காட்சிக்குப் புலவர் ஓர் உவமை தேடுகின்றார். அவ்வுவமை அவருக்கு ஊர்மன்றத்திலிருந்து கிடைக்கின்றது. கயிற்றால் கட்டப்பெற்ற குடத்தை ஆவண அலுவலர் எடுக்கின்றனர். அதன்மேல் இட்ட இலச்சினையைப் பார்வையிடுகின்றனர். அதன் பின்னரே அதனை அழித்து உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே எடுக்கின்றனர். குடவோலை முறைக்குச் சங்க இலக்கியம் தரும் சான்றாக அறிஞர்கள் இப்பாடலைக் காட்டுவர். முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் நுட்பமாகப் பேசுகின்றது. ஏதுமறியாச் சிறுவன் ஒருவனே ஓலையை எடுத்தல் வேண்டும். அதனை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையிலேயே ஏற்றல் வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திராமைக்கே இவ்விதி வகுக்கப்பட்டது என்பது வெளிப்படை.

தேர்தல் என்பது ஏமாற்றுக்கு இடமுள்ள இடம் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். இன்றும் வாக்குப்பதிவு இயந்திரத்திற்கு முத்திரையும் முகவர் கையொப்பமும் துப்பாக்கிக் காவலும் உண்டு. அவ்வியந்திரத்தைப் பற்றிய வழக்குகளும் வாதங்களும் தனிப்பொருள். ஈண்டு அவற்றிற்குள் புகவில்லை. குடத்தைக் காக்கும் நாம், குடத்தை நோக்கி மக்களை அழைத்துவரும் கட்சிகளின் வீட்டுக் கதவு திறந்துகிடப்பதைக் கண்டுகொள்வதில்லை என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஒரு சொற்குறிப்பு. பிறர் கணினிக்குள் அத்துமீறி நுழைவோரைக் கணினித் தமிழார்வலர் சிலர் 'கொந்தர்' என வழங்குவர். கொந்துதல் என்பது அலகால் கொத்துதலையும் குத்துதலையும் குறிக்கும் பழஞ்சொல். அகப்பாடலின் எருவைப் பறவை நினைவுக்கு வருவதால், இச்சொல் பொருத்தமானதே என்பது என் கருத்து.

முகப்பில் நடந்தவை

1955 ஜனவரியில் நம் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சமதர்மப் பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியது வரலாறு. நாலணாச் சந்தாவும் இரசீதுப் புத்தகமும் உறுப்பினர் பதிவேடுமே அக்காலக் கட்சி அலுவலகத்தின் செல்வம். அதனைத் திருடவேண்டுமாயின் பெட்டியையே தூக்கிச் செல்லவேண்டும். மறுநாள் காலை பெட்டி இல்லாமை கண்ணில் படும். இன்றோ பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் படி மட்டும் போய்விடும். திருட்டு நடந்ததே தெரியாதிருத்தல் இக்காலத் திருட்டின் இயல்பு.

அதே காங்கிரஸ் கட்சியின் துணைத்தலைவராக இருந்த இராகுல் காந்தியின் டுவிட்டர் கணக்கு 2016 நவம்பர் 30 இரவில் ஊடுருவப்பட்டது. மறுநாள் காலை கட்சியின் கணக்கும் அவ்வாறே ஆயிற்று. 'லீஜியன்' என்னும் குழுவினர் அதற்கு உரிமை கொண்டாடினர். பாரதிய ஜனதா கட்சியின் இணையதளம் 2019 மார்ச் 5 அன்று தாக்கப்பட்டது. அடுத்த ஐந்தாம் நாள் மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. நாட்டின் மிகப்பெரிய கட்சியின் தளம், பரப்புரை சூடுபிடித்த அவ்வேளையில், இரண்டு வாரங்களுக்கு மேல் பராமரிப்பு அறிவிப்பைத் தாங்கியே நின்றது. மீண்டு வந்தபோது, தன் வடிவமைப்பைப் பெயர் குறிப்பிடாது எடுத்தாண்டுவிட்டனர் என ஆந்திரத்துச் சிறு நிறுவனமொன்று முறையிட்டது தனிக்கதை. 2022 பிப்ரவரி 27 அன்று அக்கட்சியின் அப்போதைய தலைவர் நட்டாவின் டுவிட்டர் கணக்கு உக்ரைனுக்கு மெய்நிகர் நாணயத்தில் நன்கொடை கேட்டது.

இவை யாவும் செய்தித்தாளின் முதற்பக்கத்தைப் பிடித்தன. ஆயினும் இவற்றால் விளைந்த கேடு சிறிது. தலைவரின் கணக்கு சில மணி நேரத்தில் மீட்கப்படும். நகைப்பும் கண்டன அறிக்கையும் அத்துடன் ஓயும். மெய்யான கேடு முகப்பில் இல்லை, அடுக்களையில் இருக்கின்றது.

ஒரு சொல் பிழைத்த கதை

அமெரிக்க நிகழ்ச்சியொன்று இதற்குத் தக்க சான்றாகும். அங்குள்ள சனநாயகக் கட்சியின் தேசியக் குழுக் கணினியில் அயலார் புகுந்திருக்கலாம் என அந்நாட்டுப் புலனாய்வுத்துறை 2015 செப்டம்பரிலேயே தொலைபேசியில் எச்சரித்தது. எடுத்துப் பேசிய ஒப்பந்தப் பணியாளருக்கு, பேசுபவர் மெய்யான அதிகாரிதானா என்பதிலேயே ஐயம். எச்சரிக்கை மாதக்கணக்கில் உறங்கியது. 2016 மார்ச் 19 அன்று, ஹிலாரி கிளிண்டனின் பரப்புரைத் தலைவரான ஜான் பொடெஸ்டாவுக்கு, 'உமது கடவுச்சொல் பிறர் கையில் உள்ளது. உடனே மாற்றுக' என்று கூகுள் அனுப்பியது போன்ற மின்னஞ்சல் ஒன்று வந்தது. அலுவலர்கள் அதனை அப்படியே நம்பிவிடவில்லை. கணினி உதவியாளரைக் கேட்டனர். அவர் 'மெய்யானதன்று' என எழுத எண்ணி 'மெய்யானது' என எழுதிவிட்டதாகப் பின்னர் கூறினார். தூண்டில் விழுங்கப்பட்டது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் பறிபோயின. அவை அக்டோபர் 7 முதல், வாக்குப்பதிவுக்கு ஏறத்தாழ ஒரு திங்கள் இருக்கையில், தவணை தவணையாக வெளியிடப்பட்டன. உருசிய இராணுவ உளவுத்துறையினர் 12 பேர்மீது 2018 ஜூலையில் அமெரிக்கா குற்றஞ்சாட்டியது.

ஒற்றன் கொணர்ந்த செய்தியையும் மற்றோர் ஒற்றனைக்கொண்டு ஒத்துப்பார்த்தே கொள்ளவேண்டும் என்பது திருக்குறளின் 'ஒற்றாடல்' அதிகாரம் அரசர்க்குச் சொல்லும் நெறி. பொடெஸ்டாவின் அலுவலகத்தில் கேட்கப்பட்டது ஒரே ஒருவர். வந்தது ஒரே ஒரு விடை. கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பு, வள்ளுவர் கூறிய அவ்விரண்டாம் ஒற்றனே அன்றி வேறில்லை.

பிரான்சில் 2017 மே 5 இரவு, இரண்டாம் சுற்று வாக்குப்பதிவுக்கு ஒன்றரை நாள் முன்பாக, மேக்ரோன் தரப்பின் மின்னஞ்சல்கள் பெருந்தொகையாகக் கசியவிடப்பட்டன. அவர்கள் முன்கூட்டியே போலிக் கணக்குகளும் போலி ஆவணங்களும் உருவாக்கித் திருடரைத் திணறச் செய்திருந்ததாகக் கூறினர். மதுரை மதில்மேல் பகைவரை மருட்டும் பொறிகள் பலவற்றைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை அடுக்கிக் காட்டும். அது போன்றதோர் உத்தி இது.

நம் தெருவின் பட்டியல்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லித் தொகுதிகளில் மின்னஞ்சலைத் திருடி யாது பயன்? இங்கே செல்வம் வேறு. வாக்காளர் பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், அகவை, பாலினம், அடையாள அட்டை எண் ஆகியன உண்டு. கைப்பேசி எண் இல்லை. பட்டியலைக் கணினியில் எளிதில் தேடிப் பிரித்தெடுக்க இயலாதவாறு 2018 முதல் படக்கோப்பாகவே தேர்தல் ஆணையம் வெளியிடுகின்றது. எனவே கட்சிகள் தாமே தெருத்தெருவாகச் சென்று கைப்பேசி எண்ணைச் சேர்க்கின்றன. பெயரும் கதவிலக்கமும் பாகம் எண்ணும் கைப்பேசி எண்ணும் ஓரிடத்தில் கூடும்போது, அதுவரை இல்லாத புதுப்பொருள் ஒன்று பிறக்கின்றது. அதனைக் காப்பதற்குத் தலைமையகத்தில் பொறியாளர் இருக்கலாம். வட்டச் செயலாளரின் கைப்பேசியில் யார் இருக்கின்றார்? அப்பட்டியல் வாட்ஸ்அப்பில் பகிரப்படுகின்றது. நகலகக் கணினியில் அச்சிடப்பட்டு அங்கேயே விடப்படுகின்றது. தேர்தல் முடிந்தபின் அதனை அழிக்கவேண்டும் என்று எவரும் எண்ணுவதில்லை.

இதன் விளைவை அண்டை மாநிலங்கள் கண்டுள்ளன. 2019இல் தெலுங்கு தேசக் கட்சியின் 'சேவா மித்ரா' செயலியை உருவாக்கிய ஐதராபாத் நிறுவனத்திடம் 7.8 கோடிக்கும் மேற்பட்டோரின் ஆதார் விவரங்கள் இருந்ததாக ஆதார் ஆணையமே காவல்துறையில் முறையிட்டது. தன் சொந்தக் கணினிகள் ஊடுருவப்படவில்லை என்றும் அது கூறியது. கட்சி குற்றச்சாட்டை மறுத்தது. 2021இல் புதுச்சேரித் தேர்தலின்போது, ஆதாருடன் இணைத்த கைப்பேசி எண்களுக்கே பா.ஜ.க.வின் வாக்குச்சாவடிவாரியான வாட்ஸ்அப் குழு அழைப்புகள் வந்தன எனச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. எண்களைத் தொண்டர்களே வீடுவீடாகச் சென்று திரட்டியதாகக் கட்சி கூறியது. தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி தலைமையிலான அமர்வு, இதனை எளிதாக ஒதுக்கிவிட இயலாதெனக் கருதி ஆதார் ஆணையத்தின் விசாரணைக்கு வழிசெய்தது.

நம் மாநிலத்தில் 2025 ஜூலையில் தி.மு.க.வின் 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கை தொடங்கியது. உறுப்பினராவோரின் கைப்பேசிக்கு ஒரு முறைக் கடவுச்சொல் வரும்; அதனைத் தொண்டரிடம் சொல்லவேண்டும். எண்ணைச் சரிபார்ப்பதற்கே இம்முறை என்பது கட்சியின் விளக்கம். ஜூலை 21 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கடவுச்சொல் பெறுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. உறுப்பினர் சேர்க்கைக்குத் தடையில்லை. ஆகஸ்டு 4 அன்று உச்சநீதிமன்றம் அத்தடையில் தலையிட மறுத்தது. கட்சியின் நோக்கத்தில் குறை காண்பது என் கருத்தன்று. பழக்கமே என் கவலை. ஒருவர் கைப்பேசி எண்ணைத் தம் கருவியில் இட்டு வாட்ஸ்அப் கணக்கைத் தொடங்க முயன்றால், ஆறு இலக்க எண் ஒன்று உரியவருக்குச் செல்லும். 'உறுப்பினர் எண் வந்திருக்கும், சொல்லுங்கள்' என்று மோசடிக்காரன் கேட்டால், கட்சித் தொண்டருக்கு ஒருமுறை சொல்லிப் பழகிய மூதாட்டி அவனுக்கும் சொல்லிவிடுவார். கணக்கு அக்கணமே அவன் வசமாகும். அவர் பெயரால் உறவினர் அனைவரிடமும் பணம் கேட்கப்படும். நாளை வாக்குப்பதிவு ஒத்திவைப்பு என்னும் பொய்யும் அவர் பெயராலேயே பரவும்.

அச்சமுள்ள இடத்தில் தூண்டில் எளிதில் சிக்கும். சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்பின் 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இடம் பெயர்ந்து வாழும் தொழிலாளர் மிகுந்த நம் புறநகரில், 'உங்கள் பெயர் நீக்கப்பட்டது; சேர்க்க இங்கே தொடுக' என்றொரு குறுஞ்செய்தி சரியான பெயரோடும் பாகம் எண்ணோடும் வருமாயின், தொடாதிருப்போர் எத்தனை பேர்?

மோதிரமும் அமானிதமும்

அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அயல் வேந்தருக்கு மடல் எழுத எண்ணியபோது, முத்திரையற்ற மடலை அவர்கள் ஏற்கமாட்டார்கள் எனத் தோழர்கள் கூறினர். வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு அதில் திருப்பெயர் பொறிக்கப்பட்டது. அப்பொறிப்பைப் போன்று வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் அவர்கள் பணித்ததாக ஸஹீஹுல் புகாரி கூறுகின்றது. முத்திரை இருத்தல் மட்டும் போதாது, அது பிறரிடம் இருத்தலும் கூடாது என்னும் இரு கூறுகளும் அதில் அடங்கியுள்ளன. நம் கட்சி அலுவலகங்களிலோ ஒரே கடவுச்சொல் பதின்மர் கையில் இருக்கின்றது. அவருள் ஒருவர் கட்சி மாறினாலும் கடவுச்சொல் மாறுவதில்லை.

2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களைத் திரட்டி ஆள்வோரை நம்பிக்கைப் பொறுப்பாளர் என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கின்றது. நம் இல்லங்களில் வழங்கும் 'அமானிதம்' என்னும் சொல் இக்கருத்துக்கு நெடுங்காலமாகவே உரியது: ஒப்படைக்கப்பட்ட பொருள் காப்பவனுடையதன்று. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாதங்கள் தரப்பட்டுள்ளன. அதுவரையில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே கைக்கொள்ளக் கிடைப்பது. பிறர் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு அதன் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கின்றது.

நம் மாணவருள் பலர் தேர்தல் காலத்தில் ஏதேனும் ஒரு கட்சிக்காக வாக்காளர் சீட்டு வழங்கவோ வாக்குச்சாவடி முகவராகவோ செல்கின்றனர். பட்டியல் இவர்கள் கைப்பேசி வழியாகவே செல்கின்றது. வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் 'கணக்கு' என்னும் பகுதியுள் இரு படிச் சரிபார்ப்பு உள்ளது. நமக்கு மட்டுமே தெரிந்த ஆறு இலக்க எண்ணை அங்கே இட்டுவைத்தால், குறுஞ்செய்தி எண்ணைப் பறித்தவனாலும் கணக்கினுள் எளிதில் நுழைய இயலாது. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை அன்றே அழைத்தல் வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியிலும் அப்பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும்.