இரும்புச்சத்தும் நம் உணவு நெறியும்



“இரத்தம் குறைவு, ஈரலும் முட்டையும் உண்ண வேண்டும்” என்று எவரேனும் கூறிவிட்டால் நம் இல்லங்களில் கலக்கம் பிறக்கிறது. விரதத்தைக் கைவிட நேருமோ என அஞ்சிச் சிலர் மருத்துவரையே நாடுவதில்லை. வேறு சிலர் மனம் நொந்து பீட்ரூட் முதலியவற்றை உண்ணத் தலைப்படுகின்றனர். இவ்விரண்டுமே வேண்டா. ஏற்ற நெறியைக் காத்துக்கொண்டே இரும்புச்சத்தை உயர்த்த இயலும். அதன் வழியை இப்பாடத்தில் காண்போம்.

1. குறைவை அறிதல்

களைப்பு, படியேறும்போது மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, முடி உதிர்தல், மண் அல்லது பச்சரிசி தின்னும் வேட்கை ஆகியன இரும்புக் குறைவின் அறிகுறிகளாகலாம். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு மகளிர்க்கு 12 கிராமும், கருவுற்றோர்க்கு 11 கிராமும், ஆடவர்க்கு 13 கிராமும் இருத்தல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுகோல். 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் 57 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை இருந்தது. எனவே இது புலால் உண்ணாதார்க்கு மட்டும் உரிய குறை அன்று.

ஹீமோகுளோபினோடு, உடலின் சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையும் செய்தல் நலம். வைட்டமின் பி12 குறைவாலும் சோகை வரும். தலசீமியா என்னும் பரம்பரைக் குறையும் அதுபோலத் தோன்றும். மாதவிலக்கு நின்ற மகளிர்க்கும் ஆடவர்க்கும் இரும்பு குறைந்தால், மூலம், குடற்புண் முதலியவற்றால் குருதி கசிகிறதா என ஆராய்வது இன்றியமையாதது.

2. விலக்கியவற்றால் இழப்பு உண்டா?

கிழங்கு வகைகளை விலக்குவதால் இரும்பில் பெரும் இழப்பு இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் உள்ள இரும்பு ஒரு மில்லி கிராமுக்கும் குறைவே. அதன் செந்நிறம் இரும்பினால் வந்ததன்று. மாறாக, அதே எடையுள்ள எள்ளில் ஏறத்தாழ 14, கொள்ளில் 8½, கம்பில் 6, கேழ்வரகிலும் முருங்கைக் கீரையிலும் 4½ மில்லி கிராம் உள்ளன. இவை யாவும் நம் அடுக்களையில் உள்ளவையே.

3. உண்டது உடலிற் சேர்தல்

புலாலின் இரும்பு எளிதிற் சேரும். தாவர இரும்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே பெரும்பாலும் சேரும். ஆதலின் அதன் துணையையும் பகையையும் அறிதல் வேண்டும்.

துணை, வைட்டமின் சி. பருப்பையும் கீரையையும் அடுப்பிலிருந்து இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு பிழிக; கொதிக்கவிட்டால் அச்சத்து குறையும். உணவோடு நெல்லிக்காய் அல்லது கொய்யா கொள்ளலாம். அட்டமி, சதுர்தசியில் பச்சைக் காய்கனி தவிர்ப்போர் நெல்லிமுள்ளியைப் பொடித்து வைத்துக்கொள்க. புளி சேர்ந்த குழம்பை இரும்புச் சட்டியில் காய்ச்சினால் உணவில் சிறிது இரும்பு கூடும்.

பகை, காப்பியும் தேநீரும். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இவற்றைத் தவிர்க்க. பாலையும் இரும்பு மிக்க உணவோடு சேர்க்காமல் வேறு வேளையில் பருகுக.

4. மென்மையான வயிறு உடையோர்க்கு

கொள்ளும் கடலையும் சிலர்க்கு வாயுவை உண்டாக்கும். அவற்றை வடிகட்டிய நீரில் எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுக் குழைய வேகவைக்க. வாயு குறைவதோடு, இரும்பைத் தடுக்கும் பைட்டேட்டும் ஓரளவு குறையும். முளைகட்டுதலை விலக்கியோர்க்கும் இம்முறை ஏற்றதே. முதல் வாரம் ஒரு கரண்டி கொள்ளு ரசம் போதும். வயிறு பழகிய பின் கூட்டுக. அதுவும் ஒவ்வாதார் பயத்தம் பருப்பும் கேழ்வரகுக் கஞ்சியும் கொள்ளலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் உண்போர்க்கு இரும்பு சேர்வது குறையும். இதனை மருத்துவரிடம் கூறுக.

5. மாத்திரை

சோகை வந்தபின் உணவு மட்டும் போதாது. 50 கிராம் கம்பு, 30 கிராம் கொள்ளு, 10 கிராம் எள் ஆகிய மூன்றும் சேர்ந்து தருவது ஏறக்குறைய 7 மில்லி கிராமே. கருவுற்றோர்க்கு அரசு வழங்கும் ஒரு மாத்திரையிலோ 60 மில்லி கிராம் இரும்பு உள்ளது. இரும்பு உப்புகள் கனிமப் பொருள்களே. ஆனால் கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. ஆகவே மாத்திரையோ திரவ மருந்தோ தருமாறு கேட்க.

மாத்திரையால் குமட்டல், மலச்சிக்கல் தோன்றலாம். அவ்வாறாயின் நிறுத்திவிடாமல் மருத்துவரை வினவுக. ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பதும் பலர்க்குப் பயனளிக்கும் என்பது அண்மைக்கால ஆய்வுகளின் முடிவு. மலம் கறுத்தல் மருந்தின் இயல்பே. ஆனால் தார்போல் பிசுபிசுத்தால் உடனே மருத்துவரை அணுகுக. சோகை நீங்கிய பின்னும் சேமிப்பு நிறைய ஏறத்தாழ மூன்று திங்கள் மருந்தைத் தொடர வேண்டும். இவற்றையெல்லாம் பகற்பொழுதிலேயே முடித்துக்கொள்ளலாம். இரவுண்ணாமைக்கு இடையூறு இல்லை.

6. நோன்பு நாள்கள்

தசலட்சண நாள்களில் இளம்பெண்கள் மயங்கி விழுவதைக் காண்கிறோம். சோடச பாவனைகளுள் ‘சக்திதஸ் தபம்’ ஒன்று. தன் ஆற்றலுக்கு ஏற்ற தவம் என்பது அதன் பொருள். ஆற்றல் குன்றியவள் முழுப் பட்டினிக்கு மாறாகச் சுவை துறத்தலையோ சாத்திரம் ஓதுதலையோ மேற்கொள்ளலாம். மருமகளும் மகளும் இதனைக் கேட்கத் தயங்குவர். ஆதலின் இல்லத்து மூத்தோரே முன்வந்து கூறுவது கடமை.

பயிற்சி வினாக்கள்

1. நம் இல்லத்தில் எவரெவர்க்கு ஹீமோகுளோபின் சோதனை செய்துள்ளோம்?
2. உணவுக்கும் காப்பிக்கும் இடையே எவ்வளவு நேரம் விடுகிறோம்?
3. வாங்கும் இரும்பு மருந்து மாத்திரையா, கேப்ஸ்யூலா?

இவற்றுக்கு விடை எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டி வைப்பீராக.