பன்னிரண்டு வருடம் ஆனால் கொலை வழக்கு காலாவதியா?

கேள்வி: பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றி என் தாத்தா நிறையச் சொல்வார். கொன்றது யார் என்று கடைசிவரை தெரியவே இல்லை என்று முடிப்பார். ஹாலிவுட் நடிகை நாடலி வுட் இறந்து முப்பது வருடம் கழித்து, அந்த ஊர்ப் போலீஸ் அவருடைய கோப்பைத் திரும்பத் திறந்ததாகச் சமீபத்தில் படித்தேன். நம் நாட்டில் அது நடக்காது, பன்னிரண்டு வருடம் தாண்டினால் எந்தக் கேஸும் காலாவதி என்று மேலவீதி டீக்கடையில் நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?
(வாசகர், சிதம்பரம்)

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. அந்தப் பன்னிரண்டு வருடக் கணக்கு எனக்குப் பழைய சிநேகிதம். கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் கட்சிக்காரர்கள் வாயால் அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது நிலத் தகராறுக்கு உரிய கணக்கு. தன் நிலம் அடுத்தவர் அனுபவத்தில் இருந்தால், அதை மீட்க உரிமையாளர் பன்னிரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டம். புரோநோட்டுக் கடனுக்கு மூன்று வருடம். நம் பக்கத்தில் கோர்ட் படி ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பட்டா, பாகப்பிரிவினை, கடன் என்றுதான் ஏறுகிறார்கள். அங்கே கேட்டுப் பழகிய கணக்கை உங்கள் நண்பர் கொலைக்கும் நீட்டிவிட்டார்.

குற்ற வழக்குகளுக்கும் ஒரு காலவரையறை உண்டு, ஆனால் அது சின்னக் குற்றங்களுக்கு மட்டும். குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலில் உள்ள புதிய சட்டத்தில் அது 514-ஆம் பிரிவு. அபராதம் மட்டும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆறு மாதம், ஒரு வருடம் வரை சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஒரு வருடம், மூன்று வருடம் வரை சிறை என்றால் மூன்று வருடம். அதற்குள் புகார் பதிவாகியிருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் சிறை தரத்தக்க எந்தக் குற்றத்துக்கும் இந்த வரம்பு கிடையாது. கொலைக்குக் கிடையாது. தற்கொலைக்குத் தூண்டியதற்கும் கிடையாது. கொலையை மறைக்கத் தடயத்தை அழித்ததற்கும் கிடையாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு வருடச் சிறைதான். ஆகவே அதற்கு மட்டும் மூன்று வருட வரம்பு பொருந்தும். புதிய தண்டனைச் சட்டத்தில் அது ஐந்து வருடமாக உயர்ந்துவிட்டதால் இனி நடப்பவற்றுக்கு வரம்பு இல்லை; பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையில் காட்டும் அலட்சியத்துக்கு மட்டும் அதிலும் இரண்டு வருடம்தான், ஆகவே வரம்பும் உண்டு. ஆனால் பழைய சாவுக்குப் பழைய தண்டனைதான். ஒரு பிரபலம் 1990-ல் இறந்திருக்கிறார், அது கொலை என்று இன்று ஒருவர் சொன்னால் சட்டம் கேட்கும். மருத்துவரின் அலட்சியத்தால் இறந்தார் என்று சொன்னால், தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டி நீதிபதியைத் திருப்திப்படுத்தினால் ஒழியக் கேட்காது. சாவு ஒன்றேதான். அதற்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கதவு திறக்கிறது அல்லது மூடுகிறது.

‘போலீஸே கோப்பை மூடிவிட்டதே, பிறகு என்ன?’ என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். ஒருவர் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் போலீஸ் முதலில் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்யும். நம் ஊர் பேச்சில் இது ‘சந்தேக மரணம்’. இன்றைய எண் 194. பிறகு பிரேத விசாரணை, அதாவது பஞ்சாயத்தார் முன்னிலையில் உடலைப் பார்த்து, காயங்களைக் குறித்து, சாவுக்குத் தோற்றத்தில் என்ன காரணம் என்று எழுதுவது. அதன் பிறகு பிரேதப் பரிசோதனை. குற்றம் எதுவும் இல்லை என்று போலீஸுக்குத் தோன்றினால் முடிவு அறிக்கை போடுவார்கள். அந்த அறிக்கை போலீஸின் கருத்து மட்டுமே, தீர்ப்பு அல்ல. கொலை வழக்காகப் பதிவான ஒன்றை மூடுவதென்றால், அதை ஏற்பதா வேண்டாமா என்று நீதித்துறை நடுவர் முடிவு செய்ய வேண்டும். ஏற்பதற்கு முன் புகார் கொடுத்தவருக்கு அறிவிப்பு அனுப்பி அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பகவந்த் சிங் வழக்கில் கூறிவிட்டது. அறிக்கை போட்ட பிறகும் புதிதாக ஏதாவது கிடைத்தால் போலீஸ் ‘மேல் விசாரணை’ நடத்தலாம், அதாவது விட்ட இடத்திலிருந்து தொடர்வது. முழுவதையும் தள்ளிவிட்டு அடியிலிருந்து தொடங்குவது ‘மறு விசாரணை’. அதற்கு உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட வேண்டும்.

கேரளத்துக் கன்னியாஸ்திரி சிஸ்டர் அபயா வழக்கை இதற்குச் சொல்வேன். 1992 மார்ச் 27 அன்று கோட்டயம் கான்வென்ட் கிணற்றில் அவர் உடல் கிடந்தது. உள்ளூர் போலீஸும் குற்றப்பிரிவும் தற்கொலை என்று முடித்தன. 1993-ல் வழக்கு சி.பி.ஐ.-க்குப் போனது. அவர்களும் பிடி கிடைக்கவில்லை என்று ஒருமுறைக்கு மேல் முடிவு அறிக்கை போட, நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது. அபயாவின் உடைகளும் நாட்குறிப்பும் அதற்குள் அழிக்கப்பட்டிருந்தன. கடைசியில் வழக்கைத் தாங்கிப் பிடித்த முக்கிய சாட்சி, அந்த விடியற்காலையில் கான்வென்டுக்குள் திருட ஏறிய ஒருவர். அவர் சொன்னதை மாற்றாமல் கடைசிவரை நின்றார். 2020 டிசம்பரில், இருபத்தெட்டு வருடம் கழித்து, ஒரு பாதிரியாருக்கும் ஒரு கன்னியாஸ்திரிக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து இருவருக்கும் ஜாமீன் கொடுத்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் ஊர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த முருகேசனையும் கண்ணகியையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாதி கடந்து 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். அந்த ஜூலையில் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் ஊர் பார்க்க இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்று உடல்களை எரித்தார்கள். உள்ளூர் போலீஸ் முருகேசனின் சொந்தக்காரர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்து, இரு குடும்பமும் தத்தம் பிள்ளையைக் கொன்றதாக ஒரு கதை கட்டியது. மகனைப் பறிகொடுத்த வீட்டையே கொலையாளி வீடாக எழுதிய அந்தக் காகிதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. 2004-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.-க்கு மாற்றியது. கொலை நடந்து பதினெட்டு வருடம் கழித்து, 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும் மற்றவர்களுக்கு ஆயுளும் விதித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் காவல் அதிகாரிகள் இருவரும் உண்டு. தூக்கை உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தண்டனைகளை உறுதி செய்தது. அந்த இருவரும் பிரபலங்கள் அல்லர். ஆனால் தவறாக எழுதப்பட்ட ஒரு கோப்பை நம் மாவட்டத்திலேயே திருத்தி எழுத முடிந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

விசாரணை ஆணையம் போட்டால் வழக்கு திறந்துவிட்டது என்றும் பலர் நினைக்கிறார்கள். முதல்வர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்த பிறகு, நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் 2017-ல் அமைக்கப்பட்டு 2022-ல் அறிக்கை கொடுத்தது. ஆணையம் சாட்சிகளை அழைக்கலாம், கருத்துச் சொல்லலாம், பரிந்துரைக்கலாம். தண்டிக்க அதற்கு அதிகாரம் இல்லை. அதன் அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது. அதை வைத்து யாராவது தனியாகக் குற்ற வழக்குத் தொடுத்தால்தான் கோர்ட் வாசலுக்கு விஷயம் வரும்.

அப்படியானால் பழைய வழக்குகள் ஏன் இவ்வளவு அரிதாகத் திறக்கின்றன? சட்டம் திறந்து வைத்த கதவு வழியாக உள்ளே கொண்டுபோக, கையில் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. நம் ஊரில் பெரும்பாலும் உடலை எரித்துவிடுகிறோம். புதைத்த உடல் என்றால் அதிகாரி முன்னிலையில் தோண்டி எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. எலும்பில் முறிவு தெரியும், குண்டு பாய்ந்த தடம் தெரியும், ஆர்சனிக் போன்ற உலோக விஷம் முடியிலும் எலும்பிலும் வெகுகாலம் தங்கும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் பலவும் சிதைந்து போய்விடும். சாம்பலிடம் கேட்க அநேகமாக ஒன்றுமே இல்லை. உடல் போன பிறகு மிஞ்சுவது அன்றைக்கு எழுதிய காகிதமும் உயிரோடிருக்கும் சாட்சியும்தான். காகிதத்துக்கும் ஆயுள் குறிக்கப்பட்டிருக்கிறது. முடிந்துபோன கோப்புகளைக் காவல் நிலையமும் நீதிமன்றமும் குறிப்பிட்ட வருடங்களுக்குப் பிறகு விதிப்படியே அழித்துவிடும்.

நாடலி வுட் விஷயத்தில் கைகொடுத்ததும் அன்று எழுதிய காகிதமும் உயிரோடிருந்த சாட்சியும்தான். 1981 நவம்பர் 29 அன்று கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே கடலில் அவர் உடல் கிடைத்தது. தற்செயலாக மூழ்கினார் என்று எழுதினார்கள். அவர் பயணம் செய்த உல்லாசப் படகை ஓட்டியவர் பல வருடம் கழித்து, முதலில் சொன்னதை மாற்றிச் சொன்னார். 2011-ல் கோப்பைத் திரும்ப எடுத்தார்கள். உடலில் இருந்த காயங்களை அன்றைய பிரேதப் பரிசோதனைக் குறிப்பில் விரிவாக எழுதியிருந்ததால்தான், அவை தண்ணீரில் விழுவதற்கு முன்பே ஏற்பட்டிருக்கலாம் என்று முப்பது வருடம் கழித்தும் ஒருவரால் யோசிக்க முடிந்தது. 2012-ல் இறப்புச் சான்றிதழில் காரணம் ‘மூழ்கியதும், தீர்மானிக்க முடியாத பிற காரணங்களும்’ என்று திருத்தப்பட்டது. ஆனால் இன்றுவரை ஒருவர்மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. கோப்பு திறப்பது வேறு, குற்றம் நிரூபணமாவது வேறு.

இனி உங்கள் தாத்தாவின் லட்சுமிகாந்தனுக்கு வருவோம். ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ பத்திரிகைகளில் நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதிப் பகை தேடிக்கொண்டவர் அவர். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்திக்குத்துப் பட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அன்றைய திரை நட்சத்திரங்களான தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகி, 1945-ல் ஜூரி விசாரணையில் ஆயுள் தண்டனை பெற்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அதாவது அன்றைக்கு இந்தியாவுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றம், மேல்முறையீட்டைத் திரும்பக் கேட்கும்படி அனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

சட்டம் உண்மையிலேயே அடைத்துப் பூட்டும் கதவு இந்த விடுதலைதான். ஒரு குற்றத்துக்கு முறையாக விசாரிக்கப்பட்டு, மேல்முறையீடும் முடிந்து விடுதலையானவரை அதே குற்றத்துக்குத் திரும்ப நிறுத்தக் கூடாது. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 300-ஆம் பிரிவு, இன்று 337. இங்கிலாந்து 2003-ல் இதைக் கொஞ்சம் தளர்த்தி, வலுவான புதிய சான்று கிடைத்தால் கொலை வழக்கில் திரும்ப விசாரிக்கலாம் என்றது. 1993-ல் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கில், ஒருமுறை விடுதலையான ஒருவர் 2012-ல் தண்டிக்கப்பட்டது அப்படித்தான். நம் நாட்டில் அந்த விதிவிலக்கு இல்லை. இருக்கக் கூடாது என்பதே என் எண்ணம். வேண்டாதவரை ஆயுள் முழுக்கக் கோர்ட்டுக்கு இழுக்க அது நல்ல ஆயுதமாகிவிடும்.

அன்று விசாரிக்கப்படாத வேறொருவர்மீது லட்சுமிகாந்தன் வழக்கை இன்றும் தொடுக்கலாமா? காலவரையறை தடுக்காது. ஆனால் எண்பது வருடம் கழித்துக் கூண்டில் நிற்க ஆள் வேண்டும், இறந்தவர்மீது குற்ற வழக்கு நடத்த முடியாது. உங்கள் தாத்தா சொன்னபடியே அது நிற்கும்.

உங்கள் நண்பருக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள், பழைய கோப்பைத் திறப்பது நட்சத்திரங்களுக்கு மட்டும் உரியதல்ல. வீட்டில் சந்தேகப்படும்படி ஒரு சாவு நடந்தால், அழுகைக்கு நடுவே யாராவது ஒருவர் நிதானமாக இருந்து சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கச் சொல்லி எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். விஸ்ரா, அதாவது வயிறு, ஈரல், சிறுநீரகம் முதலான உள்ளுறுப்புகளின் மாதிரி, எடுத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டதா என்று கேளுங்கள். சந்தேகம் தீராமல் உடலை எரிக்க அவசரப்படாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கும் ஆய்வக அறிக்கைக்கும் மனுப் போடுங்கள். முடித்துவிட்ட வழக்கு என்றால், விசாரணை கெட்டுவிடும் என்று காரணம் காட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மறுப்பதும் கடினம். வாங்கிய நகல்களை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.