மறைமாவட்டம் பிறக்குமுன்: கோவை தரும் பாடம்

கணபதியில் வாழும் நமக்குக் கோவை மறைமாவட்டம் என்னும் பெயர் பழகிய ஒன்று. ஆனால் அது மறைமாவட்டம் ஆகுமுன் எவ்வாறு ஆளப்பட்டது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். வரலாற்று மாணவன் என்ற முறையில் நான் இதை ஆராயப் புகுந்தேன். சமயப் பொருளாயினும் இது அடிப்படையில் ஆட்சிமுறை பற்றிய கேள்வியே.

முதலில் ஓர் ஒப்புமை. நம் அரசியலமைப்பில் மாநிலம் வேறு, யூனியன் பிரதேசம் வேறு. பின்னதைக் குடியரசுத் தலைவர் தாம் நியமிக்கும் நிர்வாகி வழியாக ஆள்கிறார். கோவா அவ்வாறிருந்து 1987இல் மாநிலமாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையிலும் இத்தகைய படிநிலை உண்டு. மறைமாவட்ட ஆயர் தம் பதவிக்கே உரிய அதிகாரத்தால் ஆள்கிறார். மறைபரப்புப் பகுதியின் தலைவரோ திருத்தந்தையின் பெயரால், அவருடைய பதிலாளராக ஆள்கிறார். தொடக்க நிலையில் அப்பகுதி 'அப்போஸ்தலிக்க பிரிபெக்டு' ஒருவரிடம் இருக்கும். அவர் பெரும்பாலும் ஆயர் பட்டம் பெறாத குரு. வளர்ந்தபின் அது 'அப்போஸ்தலிக்க விகார்' வசம் வரும். அவர் பெரும்பாலும் ஆயரே. எனினும் அவருடைய பட்டம் மறைந்துபோன ஏதேனும் ஒரு பழைய நகரின் பெயரில் அமையும்.

இம்முறை ஏன் தோன்றிற்று? கீழை நாடுகளில் ஆயர்களை முன்மொழியும் உரிமை 'பதுரவாதோ' ஏற்பாட்டின்படி போர்த்துகல் மன்னரிடம் இருந்தது. மறைபரப்புப் பணியை நேரடியாகக் கவனிக்க, 1622இல் உரோமையில் விசுவாசப் பரப்புதல் பேராயம் நிறுவப்பட்டது. புதிய மறைமாவட்டம் நிறுவினால் மன்னரோடு மோதல் வரும்; பதிலாளரை அனுப்பினால் அச்சிக்கலைத் தவிர்க்கலாம். பணியாளர்களைத் தரும் பொறுப்பு ஒரு துறவற அல்லது மறைபரப்புச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1845இல் கோவைப் பகுதி புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்டுப் பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் பொறுப்பில் விடப்பட்டது. முன்பு புதுச்சேரிக் குருமடத்தின் தலைவராயிருந்த பிரெஞ்சுக் குரு மரியோன் தெ பிரெசில்லாக் இதன் தலைவரானார். 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் அவருக்கு ஆயர் திருநிலைப்பாடு நடந்தது. அவினாசி சாலையில் நாம் பேருந்தில் கடந்து செல்லும் அதே கருமத்தம்பட்டிதான். அவருக்குக் கிடைத்த பட்டமோ சின்ன ஆசியாவிலுள்ள புரூசாவின் ஆயர் என்பது! 1850இல் கோவை முழு விகாரியட்டு ஆயிற்று.

தற்காலிக ஆட்சியின் நோக்கம் தன்னையே தேவையற்றதாக்கிக் கொள்வது. உள்ளூர்க் குருக்களை உருவாக்குமாறு 1845இல் உரோமைப் பேராயமும் வலியுறுத்தியது. பிரெசில்லாக் இதில் உறுதியாக நின்றார். ஆனால் உடன் உழைத்தோர் பலர் அந்த வேகத்தை ஏற்கவில்லை. சாதி சார்ந்த வழக்கங்களை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்ற ஐயமும் அவர் மனச்சான்றை உறுத்தியது. இறுதியில் பதவி விலகல் கோரினார். 1855இல் அது ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு லியோனில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கிய அவர், 1859இல் பிரீடவுனில் காலமானார்.

1886 செப்டம்பர் 1 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இந்தியாவில் ஆயர் ஆட்சி அமைப்பை நிறுவியபோது கோவை மறைமாவட்டமாயிற்று. அதுவரை விகாராயிருந்த பிரெஞ்சுக்காரர் பர்துவே முதல் ஆயரானார். அதாவது, அமைப்பின் தகுதி உயர்ந்தது; ஆளும் கை மாறவில்லை. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் தோன்றியபோதுதான், இக்காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயராகத் திபூர்சியுஸ் ரோச் பொறுப்பேற்றார்.

இதிலிருந்து நான் கற்றது இதுவே: ஓர் ஆட்சி முதிர்ந்துவிட்டதா என்பதை அதன் பெயர்ப்பலகை காட்டாது. அம்மண்ணின் மக்களிடம் பொறுப்பு வந்ததா என்றே கேட்க வேண்டும். இவ்வளவுகோல் திருச்சபைக்கு மட்டுமன்று. ஊராட்சி மன்றம் முதல் நம் கல்லூரி மாணவர் பேரவை வரை பொருந்தும்.