பச்சைப் பிள்ளையின் காது என்ன படிக்கிறது?



தகரத்தில் மழை கொட்டினால் லயத்துக் காம்பராவில் நாம் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை அந்தச் சத்தத்திலும் தூங்கும். ஆனால் பக்கத்தில் ஒரு சட்டி மூடி விழுந்தால் திடுக்கிட்டு முழிக்கும். ஒரே மாதிரி வருகிற சத்தம் மூளைக்குப் பழகிப் போகிறது. சத்தம் மாறினால்தான் மூளை பிடித்துக்கொள்கிறது. பிள்ளை பேச்சுப் படிப்பதும் இந்தச் சக்தியால்தான். இதைப் பற்றி இம்முறை பார்ப்போம்.

மூளை கொடுக்கும் பதில்

பின்லாந்து தேசத்து ரிஸ்டோ நாட்டனென் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1978ஆம் ஆண்டு ஒரு விஷயத்தை எழுதினார்கள். தலைத் தோலில் சின்ன வில்லைகளை ஒட்டி, "டிக், டிக், டிக்" என்று ஒரே சத்தத்தைக் கேட்க வைக்கிறார்கள். நடுவில் ஒரு "டொக்" வருகிறது. அந்த நேரம் மூளையில் வேறு மாதிரி மின் அலை எழும்புகிறது. ஆள் கவனிக்காமல் இருந்தாலும் எழும்புகிறது.

பிற்காலத்தில் பிறந்த பிள்ளைகளிடமும் இப்படிப் பார்த்தார்கள். இதில் வலி கிடையாது. தூங்குகிற பிள்ளையின் மூளையும் பதில் கொடுத்தது. புதிதாய்ப் பிறந்த பிள்ளையிடம் அந்த அலை மெதுவாக வரும். மாதம் ஏற ஏற, நரம்புகள் பக்குவப்பட, வேகமாகவும் தெளிவாகவும் வரும்.

கர்ப்பத்தில் ஆறு மாதம் ஆகும்போதே பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்குகிறது. ஹெல்சிங்கி நகரத்து ஆராய்ச்சியாளர்கள் "தத்தத்தா" என்ற அர்த்தமில்லாத சொல்லைப் பதிவு செய்து, கர்ப்பிணித் தாய்மாரிடம் கடைசி மாதங்களில் போட்டுக் கேட்கச் சொன்னார்கள். பிறந்த பிறகு அந்தச் சொல்லின் சுரத்தை மாற்றியபோது, முன்பே கேட்ட பிள்ளைகளின் மூளை மற்றப் பிள்ளைகளின் மூளையை விட நன்றாகக் கண்டுகொண்டது. இது 2013இல் வெளிவந்தது.

பத்தும் பட்டும்

"பத்து" என்றால் நமக்கு "பட்டு" என்று கேட்காது. "கத்தி"யும் "கட்டி"யும் அப்படித்தான். ஆனால் ஆங்கிலம் மட்டும் பேசுகிற பெரியவருக்கு இந்த 'த', 'ட' வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். இந்த மாதிரி வித்தியாசம் ஹிந்தியிலும் உண்டு. கனடாவில் ஜனெட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய இருவரும் ஹிந்தி ஒலிகளை வைத்துப் பார்த்து, 1984இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு முதல் எட்டு மாதத்தில் ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளும் அநேகமாக எல்லோருமே வித்தியாசம் கண்டார்கள். ஒரு வயது நெருங்கும்போது மிகச் சிலரே கண்டார்கள். ஹிந்தி கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது மாறவில்லை.

கொழுந்து மலையில் ஆள் நடக்கிற பாதை தெளிவாக இருக்கும். நடக்காத பாதையில் புல் மண்டிப் போகும். பிள்ளையின் மூளையும் அப்படித்தான். தினமும் கேட்கிற ஒலிக்குப் பாதை பலமாகிறது.

சிங்களத்தில் மலைக்கு ஒரு சொல், அடிமரத்துக்கு ஒரு சொல். நம் காதுக்கு இரண்டுமே "கந்த" மாதிரித்தான் கேட்கும். சிறு வயதிலேயே இரண்டு மொழியும் கேட்டு வளர்கிற பிள்ளை இரண்டையும் பிரித்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது

"பேசத் தெரியாத பிள்ளையோடு என்ன பேச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைக்குத்தான் பேச்சு அதிகம் தேவை. பால் கொடுக்கும்போது, குளிப்பாட்டும்போது, மலைக்குப் போகுமுன் பிள்ளை மடுவத்தில் விடும்போது, முகம் பார்த்துப் பேசுங்கள். தகப்பனும் பாட்டியும் தாலாட்டுப் பாடட்டும். றேடியோவும் டீவியும் ஆள் பேசுவதற்கு ஈடாகாது. பிள்ளை மடுவப் பொறுப்பாளர்களும் ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

காதில் எண்ணெய், தாய்ப்பால் எதுவும் ஊற்றக் கூடாது. காதில் சீழ் வந்தால் டிஸ்பென்சரியில் காட்டுங்கள். காது அடைத்துக் கிடந்தால் 'பத்து'ம் 'பட்டு'ம் ஒன்றாகவே கேட்கும்.

கீழே உள்ளதைக் கவனியுங்கள்:

1. பெரிய சத்தத்துக்கு ஒருபோதும் திடுக்கிடாத பச்சைப் பிள்ளை.
2. ஏழு மாதமாகியும் சத்தம் வந்த பக்கம் திரும்பாத பிள்ளை.
3. பத்து மாதமாகியும் "பா பா", "மா மா" என்று மழலை பேசாத பிள்ளை.
4. ஒரு வயதிலும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை.

காது கேட்காத பிள்ளையும் முதல் சில மாதம் சிரிக்கும், "ஊ, ஆ" என்று குரல் கொடுக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்லியே வருஷம் போய்விடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 1998இல் வெளிவந்தது. காது கேட்காத குறையை ஆறு மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்து உதவி கிடைத்த பிள்ளைகள், பிந்திக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளை விட மொழியில் நன்றாக முன்னேறினார்கள் என்று அது காட்டியது.

சந்தேகம் இருந்தால் கிளினிக் நாளில் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள். பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள். பசறையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ வருவதானால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். பரிசோதித்து "ஒன்றுமில்லை" என்று தெரிந்தால் சந்தோஷமே. குறை இருந்தால் அன்றைக்கே வழி தொடங்குகிறது. போன பேரை அடுத்த மாதம் உழைத்துவிடலாம். பிள்ளையின் முதல் வருஷம் திரும்பி வராது.