மதுரையிற் பிறந்த அளவையறிஞர்

‘உம்’, ‘அல்லது’, ‘அன்று’ என்பன சிறு சொற்களே. ஆயினும் ஒரு கூற்றின் பொருள் அவற்றால் பெரிதும் மாறும். கணித அளவையியலார் அவற்றை ஒரு குடும்பமாகக் கொண்டு, அவற்றிடையே அமைந்த உறவினை ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர் அகஸ்டஸ் டி மார்கன்.

அவர் 1806ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் மதுரையிற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் அலுவலர். குழவிப் பருவத்திலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்த டி மார்கன், ஏழு திங்கள் நிரம்பிய அளவில் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1828இல், தம் இருபத்திரண்டாம் அகவையில், இலண்டனிற் கணிதப் பேராசிரியரானார். 1847இல் அளவையியல் நூலொன்றை வெளியிட்டார். ஜார்ஜ் பூல் என்னும் அறிஞரின் அளவையியல் நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

டி மார்கன் பெயரால் வழங்கும் விதியை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம். மதுரையிலிருந்து மேலூர் வழியே திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில் உள்ளது கொட்டாம்பட்டி. அவ்வூர் உழவர் ஒருவர் நெல்லும் நிலக்கடலையும் பயிரிட்டார் எனக் கொள்வோம். ‘நெல்லும் கடலையும் விளைந்தன’ என்னும் செய்தி பொய்யெனத் தெரிந்தது. உடனே, இரண்டும் விளையவில்லை என்று துணியலாமோ? ஆகாது. ‘நெல் விளையவில்லை, அல்லது கடலை விளையவில்லை’ என்பதே தக்க முடிபு. இரண்டும் விளையாதிருத்தலும் கூடும். ஆனால் அதற்கு வேறு சான்று வேண்டும்.

இனி, ‘நெல் அல்லது கடலை விளைந்தது’ என்பது பொய்யாயின், நெல்லும் விளையவில்லை, கடலையும் விளையவில்லை என்பது உறுதி. ஆகவே, மறுக்கும்போது ‘உம்’ ‘அல்லது’ ஆகும். ‘அல்லது’ ‘உம்’ ஆகும்.

இந்நுட்பத்தைத் தமிழ் இலக்கண நூலாரும் நன்கு உணர்ந்திருந்தனர். முற்றும்மை சிலவிடத்து எச்சப்பொருளும் தரும் என்பது அவர்தம் கொள்கை. ‘எல்லாரும் வந்திலர்’ என்னுமிடத்து, சிலர் வந்தனர் என்னும் பொருளும் எஞ்சி நிற்கும். அளவையியலோ, ஒருவரேனும் வரவில்லை என்னும் அளவிலேயே அமையும்.

இவ்விதியால், ‘உம்’ என்பதனை ஏனைய இரண்டைக் கொண்டே அமைத்தல் இயலும். 1913இல் ஹென்றி ஷெஃபர் என்பார், ஒரே இணைப்பினால் இவை யாவற்றையும் அமைக்கலாம் என நிறுவினார். இன்றைய கணிப்பொறியின் மின்சுற்றுகளில் இவ்வுண்மைகள் பயன்படுகின்றன.

வழக்கினை ஆராயும் நடுவர்க்கும், அயலார் சொற்கேட்கும் நமக்கும் இவ்விதி உரியதே. முழுதும் மெய்யன்று என்பது வேறு. முழுதும் பொய் என்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியாதார் பிறர்மேற் பழி சுமத்துதல் எளிது. அப்பழியை நீக்குதல் அரிது.