எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தால் மலேரியா ஒழியுமா?

யானைக்கால் நோய்க்காக ஆண்டுக்கு ஒரு முறை வீடு வீடாக வந்து மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா? நோய் இருக்கிறதா என்று கேட்பதில்லை, இரத்தமும் எடுப்பதில்லை. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் நீங்கலாக எல்லோரும் அவர்கள் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும். ஜார்க்கண்ட், ஒடிசா, வங்காளம் என்று கிழக்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு இது பழகிப்போன காட்சிதான். "இதே மாதிரி மலேரியாவுக்கும் ஊருக்கே ஒரே நாளில் மருந்து கொடுத்து ஒழித்துவிட்டால் என்ன?" என்று நம் சங்க அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதற்கு வல்லுநர்களிடையே இன்றும் ஒருமித்த பதில் இல்லை.

நான் மருத்துவன் அல்லன். இருப்புப் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் எங்கள் துறைக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தண்டவாளத்துக்கு மண்மேடு போட, பக்கத்திலேயே மண் தோண்டி எடுப்பார்கள். அந்தப் பள்ளங்களை நாங்கள் 'பாரோ பிட்' என்போம். மழைக்காலத்தில் அவற்றில் தண்ணீர் தேங்கி, அனாபிலிஸ் கொசு பெருகும். வங்காளத்தின் பொது சுகாதார இயக்குநராக இருந்த பெண்ட்லி, ரயில் மேடுகளும் சாலை மேடுகளும் வெள்ளத்தின் இயல்பான ஓட்டத்தைத் தடுத்ததே அங்கே மலேரியா பெருகக் காரணம் என்று 1920-களிலேயே வாதாடினார். ஆகவே இதைப் பற்றிப் படிக்க எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

முதலில், யானைக்கால் நோய்க்குப் பொருந்துவது மலேரியாவுக்கு ஏன் அப்படியே பொருந்துவதில்லை என்று பார்ப்போம்.

யானைக்கால் புழுவின் குஞ்சுகள் கொசுவின் உடலில் வளருமே தவிர எண்ணிக்கையில் பெருகுவதில்லை. ஒருவருக்கு நோய் நிலைக்க, பல மாதங்கள் திரும்பத் திரும்பக் கடிபட வேண்டும். எனவே ஆண்டுக்கு ஒரு தடவை மருந்து கொடுத்து, சில ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தால் சங்கிலி அறுந்துவிடும். மலேரியா ஒட்டுண்ணியோ மனித உடலிலும் பெருகுகிறது, கொசுவின் உடலிலும் பெருகுகிறது. நோயுள்ள கொசு ஒன்றின் ஒரே கடி போதும். பால்சிபாரம் வகை, இரத்தத்தில் 48 மணி நேரத்துக்கு ஒரு முறை பன்மடங்காகும். ஆயிரம் பேர் உள்ள கிராமத்தில் தொள்ளாயிரம் பேர் மருந்து சாப்பிட்டு, நூறு பேர் காட்டுக்கோ சந்தைக்கோ போய்விட்டால், அந்த நூறு பேரில் சிலரிடமிருந்து எல்லாம் மறுபடி தொடங்கிவிடலாம்.

அப்படியானால் எல்லோருக்கும் மருந்து என்ற யோசனையே ஏன் வந்தது? மலேரியா நிறைந்த இடங்களில் ஒட்டுண்ணியைச் சுமப்பவர்களில் பலருக்குக் காய்ச்சலே இருக்காது. அவர்கள் மருத்துவரிடம் போகமாட்டார்கள். ஆனால் கொசுவுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். கிருமி மிகக் குறைவாக இருந்தால், விரலில் குத்திச் செய்யும் உடனடிச் சோதனையும் பிடிக்காது. எனவே சோதனையை விட்டுவிட்டு எல்லோருக்கும் கொடு என்கிறது ஒரு கட்சி.

செய்து பார்த்த இடங்கள்

1950-களில் பிரேசிலின் பினோட்டி என்ற மருத்துவர் சமையல் உப்பிலேயே குளோரோகுயின் கலந்து விநியோகிக்கும் முறையைக் கொண்டுவந்தார். கேட்பதற்கு அழகான யோசனை. ஆனால் உப்பை ஒருவர் அதிகம் சேர்ப்பார், ஒருவர் குறைவாகச் சேர்ப்பார். கிருமியைக் கொல்லப் போதாத அளவு மருந்து உடம்பில் போய்ச் சேர்ந்தால், அதைத் தாங்கும் கிருமிதான் பிழைத்து வளரும். குளோரோகுயினுக்கு அடங்காத பால்சிபாரம் 1950-களின் கடைசியில் தாய்லாந்து-கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் தலைகாட்டியது. அதற்கு இந்த உப்பும் ஒரு காரணம் என்று பல வல்லுநர்கள் சந்தேகிக்கிறார்கள். நம் நாட்டில் அஸ்ஸாமின் கர்பி ஆங்லாங் பகுதியில் 1973-ல் முதன்முதலாக இந்த எதிர்ப்பு கண்டறியப்பட்டது.

அடுத்தது நைஜீரியாவின் வடபகுதியில் உள்ள கார்க்கி. உலக சுகாதார நிறுவனமும் அந்நாட்டு அரசும் 1969 முதல் 1976 வரை அங்கே பெரிய ஆய்வு நடத்தின. வீட்டுச் சுவர்களில் பூச்சிமருந்து அடித்து, ஊர் மக்கள் அனைவருக்கும் திரும்பத் திரும்ப மாத்திரையும் கொடுத்தார்கள். கிருமி உள்ளவர்கள் சில சதவீதமாகக் குறைந்தார்கள். பூச்சியத்தை மட்டும் தொடவில்லை. வேலை நின்றதும் பழைய நிலை திரும்பிவிட்டது. இதைப் படித்தபின்தான் பல அரசுகளுக்கு இந்த முறையில் நம்பிக்கை போயிற்று.

இதற்கு நேர் மாறான கதை, பசிபிக் கடலில் வனுவாட்டு நாட்டின் அனெய்ட்யும் தீவில் நடந்தது. மக்கள்தொகை சுமார் 700. 1991-ல் வாரம் ஒரு நாள் வீதம் 9 வாரங்கள் எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். கூடவே பூச்சிமருந்தில் தோய்த்த கொசுவலை கொடுத்தார்கள். கொசுப்புழு தின்னும் மீன்களையும் நீர்நிலைகளில் விட்டார்கள். பால்சிபாரம் மறைந்துவிட்டது. வைவாக்ஸ் வகை மட்டும் 2002-ல் ஒரு தடவை திரும்பி வந்தது. அதையும் கண்டுபிடித்து அடக்கினார்கள். தீவுக்கு வருபவர்களின் இரத்தத்தைச் சோதிப்பதையும் கண்காணிப்பதையும் தீவு மக்களே ஏற்று நடத்தியதுதான் இதில் முக்கியம்.

தண்டவாளம் மாற்ற எங்களுக்குப் பாதையை மூன்று மணி நேரம் அடைத்துக் கொடுப்பார்கள், 'பிளாக்' என்போம். அந்த நேரத்துக்குள் பழைய தண்டவாளத்தை எடுத்துப் புதியதைப் போட்டுவிடலாம். அதன்பின் நாள்தோறும் சாவி ஆள் நடந்து போய் ஆணியையும் சாவியையும் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? மருந்து என்பது அந்த மூன்று மணி நேரம். கார்க்கியில் சாவி ஆள் இல்லை, அனெய்ட்யுமில் இருந்தார். வல்லுநர்களின் சண்டை மருந்தின் வலிமையைப் பற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். மருந்துக்குப் பிறகு அந்த ஊரை யார் பார்த்துக்கொள்வது என்பதே அதில் பெரும்பகுதி என்று எனக்குப் படுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நிலையும் இதையொட்டியே நகர்ந்திருக்கிறது. நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்ட, கொசு ஒழிப்பும் சிகிச்சையும் கண்காணிப்பும் நன்றாக உள்ள இடங்களில் பால்சிபாரத்துக்கு எதிராக இதைப் பரிசீலிக்கலாம் என்று 2015-ல் சொன்னது. நோய் மிகுந்த இடங்களுக்குச் சான்று போதாது என்றது. 2022-ல் வந்த வழிகாட்டுதலோ, நோய் மிகுந்த இடங்களிலும் சுமையைச் சில காலம் குறைக்க இதைப் பயன்படுத்தலாம் என்று நிபந்தனையோடு கதவைத் திறந்தது. சில மாதப் பலனுக்காக இவ்வளவு பணமா, மருந்தின் வலிமையும் போய்விடுமே என்கிறார்கள் ஒரு சாரார். அந்தச் சில மாதங்களில் பிழைக்கும் குழந்தைகளைக் கணக்கில் சேர்க்க மாட்டீர்களா என்கிறார்கள் மறு சாரார். இரண்டாவது கேள்வியை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

இன்னொரு சிக்கல், வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கும் கிருமி. மாதங்கள் கழித்து விழித்து மறுபடி காய்ச்சல் தரும். அதைக் கொல்லப் பிரைமாகுயின் வேண்டும். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அந்த மருந்து இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். நோயாளி என்றால் துணிந்து, கண்காணித்துக் கொடுக்கலாம். ஒரு குறையும் இல்லாமல் வாசலில் நிற்பவருக்கு, சோதிக்காமல் எப்படிக் கொடுப்பது? வைவாக்ஸுக்காக ஊருக்கே பிரைமாகுயின் கொடுப்பதை 2022 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை.

நம் பக்கத்து நிலவரம்

இந்தியாவில் 1947-ல் ஆண்டுக்கு சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகக் கணக்கு. டி.டி.டி. புண்ணியத்தில் 1965-ல் அது சுமார் 1 லட்சமாகக் குறைந்தது. கவனம் தளர்ந்ததும் 1976-ல் 64 லட்சத்துக்கு ஏறியது. அதே கதைதான் இலங்கையிலும்: 1963-ல் வெறும் 17 பேர், 1969-ல் 5 லட்சத்துக்கும் மேல். இலங்கை பாடம் கற்றது. ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்காமல், நடமாடும் குழுக்கள் கிராமம் கிராமமாக இரத்தம் பார்த்துச் சிகிச்சை தந்தன. 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது.

ஒடிசா இதற்கு நெருங்கிய வழியைப் பிடித்தது. 2017-ல் தொடங்கிய 'தமன்' திட்டத்தில், எட்டாத மலைக் கிராமங்களில் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் இரத்தச் சோதனை, கிருமி உள்ளவருக்கு மட்டும் மருந்து. அதே ஆண்டில் 1 கோடிக்கும் மேற்பட்ட கொசுவலைகளும் வழங்கப்பட்டன. 2016-ல் சுமார் 4 லட்சத்து 45 ஆயிரமாக இருந்த நோயாளிகள் 2019-ல் 40 ஆயிரத்துக்கும் கீழே வந்தார்கள். இதில் சோதனையின் பங்கு எவ்வளவு, வலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2022-க்குப் பிறகு எண்ணிக்கை மீண்டும் ஏறியிருக்கிறது.

2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது என்பது இந்திய அரசின் இலக்கு. அதற்குச் சிறு தீவு, எல்லை ஓரத்துக் காட்டுக் கிராமம் போன்ற இடங்களில் எல்லோருக்கும் மருந்து கொடுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. ரயில் நிலையமும் சுரங்கமும் உள்ள ஒரு மாவட்டத்தில், தினமும் ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் இடத்தில், அது மருந்தை ஆற்றில் கரைப்பதற்குச் சமம். அங்கே சோதனையே வழி.

நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. "எங்களுக்குத்தான் காய்ச்சல் இல்லையே" என்று சுகாதாரப் பணியாளரை வாசலோடு திருப்பி அனுப்புகிறோம். அவர் தேடுவதே காய்ச்சல் இல்லாமல் கிருமி சுமப்பவரைத்தான். வைவாக்ஸ் என்று தெரிந்து பிரைமாகுயின் தந்தால், வழக்கமாக அது 14 நாள் மருந்து. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். பெட்டி கட்டி ஊருக்கு ரயில் ஏறினாலும் மிச்சம் 11 நாள் மாத்திரை கைப்பையில் இருக்க வேண்டும். சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.