நம் குளத்து மீன் எது, வந்த மீன் எது?



பல ஆண்டுகளுக்குப் பிறகு அடம்பனுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கட்டுக்கரைக் குளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் வலையில் வரும் மீன்களில் சில உங்கள் பிள்ளைகளுக்குப் புதியவை. ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயரும் உண்டு. ஆகவே பெயரை நம்பாமல் உடலைப் பார்த்து அடையாளம் காண்பதே நல்லது. எதைப் பிடிப்பது, எதை விட்டுவைப்பது, எதைத் திரும்ப நீரில் விடக்கூடாது என்பதை இந்தப் பாடம் சொல்கிறது.

1. ஜப்பான் மீனும் செல்வனும்

ஜப்பான் மீன் என்று நாம் சொல்லும் திலாப்பியா ஆபிரிக்காவுக்குரியது. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தவர்கள் இதை ஜிலேபிக் கெண்டை என்று அறிந்திருப்பீர்கள். இதைப் போலவே தட்டையான உடல் கொண்ட நம் மீன், கிழக்கில் செல்வன் என்றும் கேரளத்தில் கரிமீன் என்றும் அழைக்கப்படுகிறது. களப்பிலும் குளத்திலும் அது வாழும்.

மீனைப் புரட்டி, வயிற்றுக்குப் பின்னே வாலை நோக்கி இருக்கும் அடிச்செட்டையைப் பாருங்கள். அதன் முன்பகுதியில் உள்ள கடினமான முட்களை எண்ணுங்கள். மூன்று முள் என்றால் திலாப்பியா. பத்துக்கு மேல் என்றால் செல்வன். செல்வனின் வாய் சிறியது. உடலின் குறுக்கே கரும்பட்டைகளும், செதில்களில் முத்துப் போன்ற வெண்புள்ளிகளும் இருக்கும்.

திலாப்பியா வந்த மீன்தான். ஆனாலும் இன்று இலங்கையின் குளத்து மீன்பிடியில் பெரும்பங்கு அதுவே. பல குடும்பங்களின் கறியும் வருமானமும் அதுவே. தயங்காமல் பிடியுங்கள், உண்ணுங்கள். செல்வன் கல்லிலோ கட்டையிலோ முட்டை ஒட்டி, தாயும் தந்தையும் சேர்ந்து காவல் காக்கும். குஞ்சுகளோடு நிற்கும் சோடியைக் கண்டால் விட்டுவிடுங்கள்.

2. டாங்க் கிளீனரும் சுங்கானும்

கண்ணாடித் தொட்டியில் பாசி தின்பதற்காக விற்கப்படும் டாங்க் கிளீனர் தென் அமெரிக்காவுக்குரியது. வளர்ந்ததும் தொட்டி போதாமல் போக, சிலர் அதைக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆண் மீன் முட்டைக்காகக் கரை மண்ணில் வளை தோண்டும். வளைகள் பெருகினால் கரை சரியும். குளக்கட்டை நம்பி வயல் செய்யும் நமக்கு இது சிறிய விடயமல்ல. அதன் முரட்டு முட்கள் வலையையும் கிழிக்கும்.

தொட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். டாங்க் கிளீனரின் உடல் எலும்புத் தகடுகளால் மூடப்பட்டுச் சொரசொரப்பாக இருக்கும். வாய் தலைக்குக் கீழே உறிஞ்சி போல இருக்கும். முதுகுச் செட்டை பாய்மரம் போல உயர்ந்திருக்கும். நம் சுங்கானுக்கும் கெழுத்திக்கும் செதிலோ தகடோ இல்லை. தோல் வழுவழுப்பானது, நீண்ட மீசைகள் உண்டு.

கரையில் போட்டும் நெடுநேரம் சாகாமல் கிடப்பதை அடையாளமாகக் கொள்ளாதீர்கள். சுங்கானும் அப்படிக் கிடக்கும்.

கவனம்: சுங்கானின் பக்கச் செட்டை முள்ளில் நஞ்சு உண்டு. பிள்ளைகளைக் கையால் பிடிக்க விடாதீர்கள். குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் கையை அமிழ்த்தி வையுங்கள், வலி குறையும். பின்னர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

3. கிணற்றுச் சிறுமீன்கள்

உங்கள் கிணற்றில் சிறு மீன்கள் நீந்தினால் அள்ளி எறிய வேண்டாம். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், மலேரியா பரப்பக்கூடிய புதிய நுளம்பு இனம் ஒன்று மன்னாரில் கண்டறியப்பட்டது. அது கிணறுகளில் பெருகும். நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்காகவே கிணறுகளில் கப்பி மீன் விடப்படுகிறது.

கப்பியும் வந்த மீன். ஆணுக்கு வண்ண வால். பெண் சாம்பல் நிறம், பருத்த வயிறு. முட்டையிடாமல் குஞ்சு ஈனும். நம் மீன் ஒன்றும் இதே வேலையைச் செய்யும்: தட்டையான உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீரின் மேற்பரப்பை ஒட்டியே நிற்கும். இரண்டையும் கிணற்றில் விட்டுவையுங்கள். கப்பியைக் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ கொண்டுபோக வேண்டாம்.

நினைவில் வையுங்கள்

• அருவியாற்று நீர் கட்டுக்கரைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கால் வழியாகச் சிறு குளங்களுக்குப் போகிறது. ஓரிடத்தில் விட்ட மீன் எல்லா இடமும் போகும்.
• தொட்டி மீன் வேண்டாம் என்றால் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.
• டாங்க் கிளீனர் அகப்பட்டால் திரும்ப விடாதீர்கள். கொன்று புதைத்துவிட்டு, நன்னீர் மீனவர் சங்கத்துக்கு இடத்தைச் சொல்லுங்கள்.
• எந்த மீன் என்று தெரியவில்லையா? கொல்லவும் வேண்டாம், வேறு குளத்தில் விடவும் வேண்டாம். வாளி நீரில் வைத்து, ஊரில் நெடுங்காலம் மீன்பிடித்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

வீட்டுப் பயிற்சி: அடுத்த முறை மீன் வெட்டும்போது பிள்ளைகளை அருகில் இருத்தி, அடிச்செட்டை முட்களை எண்ணச் சொல்லுங்கள். மூன்றா, பத்துக்கு மேலா?